மூன்று தரம் அடித்தால் ஓஸ்ட்

தில்லைநாதன் அண்ணைக்குப் போன் என்றால் மணி அடித்து, மற்றவர் எடுக்கமுதல் வெட்டுகிற சாமான். அது கதைக்கவும் உதவும் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இன்டர்லாக்கனில் வெஸ்ட் ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள ஒரு ஹோட்டல் குசினியில் அவரும் நானும் ஒன்றாக வேலை. அவர் அடுப்புப் பக்கம், நான் சலாட் பக்கம். வேலை முடிந்து கிளம்பினால் மனைவி செல்வராணி அக்காவுக்கு ஒரு தரம் மணி அடிக்கவிட்டு வெட்டுவார். ‘வாறன், சோத்தைப் போடும்’ என்று அர்த்தம். இரண்டு தரம் அடித்தால் பிந்தும். மூன்று தரம் என்றால் வீட்டில் பாண் இருக்கிறதா என்ற கேள்வி. இருந்தால் அக்கா ஒரு தரம் திருப்பி அடிக்கவேண்டும். சத்தம் இல்லாவிட்டால் இவர் வாங்கிக்கொண்டு வருவார். அக்கா குளிக்கப் போன நாட்களில் எல்லாம் அந்த வீட்டில் பாண் மலிந்து கிடந்தது.

இந்தப் பழக்கம் எங்கள் சனத்தில் பலருக்கும் இருந்ததுதான். போன் கார்ட் சுரண்டி ஊருக்கு எடுத்த காலத்தில் எல்லோரும் அடித்து வெட்டியவர்கள். பிறகு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், அண்ணை மட்டும் அதை ஒரு சட்டப் புத்தகமாகவே வளர்த்தெடுத்தார். மகன் கீர்த்தனன் பிறக்க இருந்தபோது, நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கச்சி ஜெயந்திக்கு, ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் இரண்டு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பிள்ளை பிறக்க ஒரு கிழமைக்கு முன் யாரோ எண் மாறி அடித்து ஒரு மணியோடு வைத்துவிட, ஜெயந்தி அங்கே கேக் வெட்டி அயலுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டாள். நல்ல காலம், பிறந்ததும் ஆண்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவோடு வாய் திறந்து கதைப்பது செல்வராணி அக்கா. அண்ணை பின்னால் நின்று, “சாப்பிட்டாளோ எண்டு கேளும்,” என்பதோடு சரி.

அந்த ஜெயந்தியை அவர் கண்டு இருபத்துமூன்று வருடம். 1988இல் அவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்குப் பதினேழு வயது. இவருடைய அகதி அனுமதியில் எல்லை தாண்டமுடியாத வருடங்கள் போயின. பிறகு அவளுடைய பத்திரங்கள் சரிவராத வருடங்கள். அதற்குப் பிறகு இவருக்கு லீவு கிடைத்தால் அவளுக்கு இல்லை. ஊரில் தாய் செத்தபோதும் இருவராலும் போக முடியவில்லை. ஆகவே 2011 ஜூனில் அவள் சுவிசுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் அண்ணை இரண்டு நாள் சோஸுக்கு உப்புப் போட மறந்தார்.

வருகிறாள் என்றால் வந்து தங்குவதற்கில்லை. அவளுடைய புருஷன் இராஜேந்திரன், பத்து நாளில் ஏழு நாடு காட்டுகிற பஸ் சுற்றுலா ஒன்றில் இருவரையும் பதிந்திருந்தார். அந்தப் பஸ் இன்டர்லாக்கனில் ஒரு மணிக்கு நின்று, மூன்றரைக்குக் கிளம்பி, அன்றைக்கே இத்தாலிக்குப் போய்விடும். இருபத்துமூன்று வருடத்துக்கு இரண்டரை மணித்தியாலம்! ஏழு நாட்டில் ஒன்றைக் குறைத்தால் குடியா முழுகிவிடும் என்று, முன்பின் கண்டிராத அந்த மனிசன்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

பஸ் எங்கே நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது. வெஸ்ட் ஸ்டேஷனில் நிற்கலாம். ஊருக்கு நடுவே, பாராகிளைடர்காரர் வந்து இறங்குகிற பெரிய புல்வெளிக்குப் பக்கத்தில் நிற்கலாம். ஊரின் மறு முனையில், கிழக்கே உள்ள ஓஸ்ட் ஸ்டேஷனிலும் நிற்கலாம். அண்ணையிடம் அதற்கும் மருந்து இருந்தது. அந்த ஞாயிறு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அக்கா அமெரிக்காவுக்கு ஒப்புவித்தா.

“ஒருக்கா அடிச்சு வெட்டினா வெஸ்ட். ரெண்டு தரம் எண்டால் புல்வெளி. மூண்டு தரம் எண்டால் ஓஸ்ட். அந்த இடத்திலேயே அசையாமல் நிக்கச் சொல்லும், நான் வருவன்.”

“அவ இறங்கிப்போட்டு வாயாலை சொன்னா என்ன, அண்ணை?” என்றேன்.

“ஏன் சிவகலா, இதிலை என்ன குறை?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்து, விடும் என்பதுபோலக் கையைக் காட்டினா.

பஸ் வருகிற நாளில் குசினித் தலைவர் அவரைப் பன்னிரண்டே முக்காலுக்கே போகவிட்டார். செல்வராணி அக்காவுக்குத் தூன் நகரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. எனக்கு இரண்டு மணிக்குத்தான் சிம்மர்ஸ்டுண்டே. மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் குசினி ஆட்களுக்குக் கிடைக்கிற ஓய்வுக்கு இங்கே அதுதான் பெயர். அண்ணையும் தங்கச்சியும் இந்நேரம் கட்டிப்பிடித்து அழுது முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனால், மனுசன் மர வாங்கிலில் குந்தியிருக்கிறார். மடியில் ஈயத்தாளில் சுற்றிய பன்னிரண்டு மீன் றோல்ஸ். கையில் போன்.

“இன்னும் போகேல்லையோ?”

“அவள் அடிக்கேல்லை.”

“நீங்கள் எடுத்துப் பாத்தனீங்களோ?”

“ஆறு தரம் அடிச்சு வெட்டினனான். திருப்பி அடிக்கேல்லை.” பிறகு மெல்லச் சொன்னார்: “என்னைப் பாக்க விருப்பமில்லையோ தெரியாது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனைப் பறித்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, அமெரிக்க எண்ணை அமத்தி, வெட்டாமல் பிடித்தேன். மணியே அடிக்கவில்லை. நேரே ஒரு பெண் குரல் இங்கிலீஷில், “ஹாய், திஸ் இஸ் ஜெயந்தி,” என்று தொடங்கியது.

“ஜெயந்தி! நான் அண்ணா! எங்கை நிக்கிறாய்?” அண்ணை துள்ளி எழும்பியதில் றோல்ஸ் பார்சல் கீழே விழுந்தது. குரல் நிற்காமல் இங்கிலீஷில் போய்க்கொண்டே இருந்தது. அண்ணையின் முகம் சுருங்கிவிட்டது. “கேட்டீரோ? என்னோடை இங்கிலீசிலை கதைக்கிறாள்.”

“அது மெஷின், அண்ணை! அவ பதிஞ்சு வைச்சது. பீப் எண்டு ஒரு சத்தம் கேக்கும். அதுக்குப் பிறகு சொல்லுங்கோ, அவ பிறகு கேப்பா.”

பீப் கேட்டது. அண்ணை தொண்டையைச் செருமினார். பாண் இருக்கிறதா என்றுகூட வாயால் கேட்காத மனுசன் கதைக்கத் தொடங்கினார்.

“ஜெயந்தி, நான் அண்ணா கதைக்கிறன். றோல்ஸ் சுட்டு வைச்சிருக்கிறன். நீ வரேல்லை எண்டாலும் பரவாயில்லை. எனக்கு உன்னோடை கதைக்கப் பயம், பிள்ளை. அம்மா செத்த அண்டைக்கு முதல்லை எனக்குத்தான் தெரியும். உடனை உனக்கு எடுத்தனான். நீ ஹலோ எண்டனீ. எனக்கு வாய் வரேல்லை, வெட்டிப்போட்டன். பிறகு அண்ணிதான் எடுத்துச் சொன்னவ. அதுக்குப் பிறகு உன்ரை ஹலோ எண்டாலே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். அதுதான் அடிச்சு அடிச்சு வெட்டுறனான். கோவிக்காதை, என்ன?”

இன்னொரு பீப் கேட்டது. மெஷின் முடித்துவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலமும் இது கஞ்சத்தனம் என்று நினைத்து, குசினி முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு இன்னொன்று உறைத்தது.

“அண்ணை, எல்லாம் சொன்னனீங்கள். எங்கை நிக்கிறம் எண்டு சொல்லேல்லையே!”

“ஐயோ,” என்றார் அண்ணை.

வெஸ்டில் எந்தச் சுற்றுலா பஸ்ஸும் இல்லை. புல்வெளிக்கு ஓடினோம். அங்கே நாலைந்து பஸ் நின்றது, புல்வெளி முழுக்கச் சனம். பொட்டு வைத்த பெண் எவரைக் கண்டாலும் அண்ணை கிட்டப் போய் முகத்தைப் பார்த்தார். ஒரு பஞ்சாபிக் குடும்பம், படம் எடுத்துத் தர வந்தவர் என்று நினைத்துக் கமராவை அவர் கையில் கொடுத்தது. அவரும் மறுக்கத் தெரியாமல் நாலு படம் எடுத்துக் கொடுத்தார். மூன்று மணி தாண்டிவிட்டது. ஓஸ்டுக்குப் போவோம் என்று நான் அவரை இழுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

ஒன்று. “வெஸ்டோ?” என்றார்.

இரண்டு. “புல்வெளி! இஞ்சைதான் நிக்கிறாள்!” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மூன்று. “ஓஸ்ட்!” என்று ஓடத் தொடங்கினார்.

நாலு. அண்ணை அப்படியே நின்றார். “நாலுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லி வைக்கேல்லையே, சிவகலா.”

“எடுங்கோ அண்ணை! கதைக்கத்தான் அடிக்கிறா!”

ஆறாவது மணிக்கு எடுத்தார்.

“அண்ணா,” என்றது போன். அழுகிற குரல். “நான் ஒரு மணியிலையிருந்து மூண்டு மூண்டு தரமா அடிச்சு வெட்டிக்கொண்டிருக்கிறன். ஓஸ்டிலை அசையாமல் நிக்கிறன். இப்பதான் உங்கடை மெசேஜ் கேட்டனான்.”

குசினிச் சப்பாத்தோடு ஐம்பது வயது தாண்டிய ஒரு மனுசன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. றோல்ஸ் பார்சலோடு பின்னால் ஓடியது நான். ஓஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றே காலும் தாண்டிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் காற்சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பெண் நின்றாள். மூக்கு அப்படியே அண்ணையின் மூக்கு.

கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள். அடுத்த நிமிடமே சண்டை தொடங்கிவிட்டது.

“மூண்டு தரம் அடிச்சனான், அண்ணா!”

“எனக்கு வரேல்லை!”

“மூண்டு சத்தமும் என்ரை காதாலை கேட்டனான்!”

நான் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஹோட்டல் வரவேற்பறையில் அமெரிக்கர்கள் கிழமைக்கு ஒரு தரம் பிடிக்கிற சண்டைதான் இது. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க, எண்ணுக்கு முன்னால் 011 என்று போடவேண்டும். அவள் அண்ணையின் எண்ணை அப்படியே பதிந்து வைத்திருந்தாள். சுவிசில் நின்று அதை அமத்தினால் ஒருவருக்கும் போகாது. கீச் கீச் கீச் என்று மூன்று சத்தம் வரும், பிறகு எண் பிழை என்று ஒரு பெண் சொல்லுவாள். வேறு யாராவது என்றால் அந்தப் பெண் சொல்வதைக் கேட்டிருப்பார்கள். தில்லைநாதன் அண்ணையின் தங்கச்சியோ மூன்றை எண்ணியதும் வெட்டிவிட்டாள்.

மற்ற நேரமெல்லாம் போன் அணைந்தே கிடந்திருக்கிறது. அமெரிக்கப் போனை வெளிநாட்டில் திறந்து வைத்தால் பில் வந்து வீட்டை விழுங்கும் என்று பஸ் வழிகாட்டி பயமுறுத்தியிருந்தார். கடைசி முறை அடிக்கத் திறந்தபோதுதான் மெசேஜ் வந்திருந்தது தெரிந்தது. அதைக் கேட்டுவிட்டு அதிலிருந்தே திருப்பி அடித்ததால் போன் தானாகச் சரியான எண்ணைப் போட்டது.

“காணும்!” என்று கத்தினேன். “இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு. போனைப் பற்றியோ கதைக்கப் போறியள்?”

ஜெயந்தி அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்டைக்கு எடுத்து வெட்டினது நீங்கள்தான் எண்டு எனக்கு அப்பவே தெரியும், அண்ணா. ஒருத்தரும் கதைக்கேல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அம்மா எங்களை விட்டுப் போட்டா எண்டு அதிலையே விளங்கீட்டுது.”

அண்ணை அவளுடைய தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடியும் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து இராஜேந்திரன் ஒரு மணிக்கூட்டுக் கடைப் பையோடு வந்து, “ஆ, கண்டிட்டியளோ?” என்றார். அவரை என்ன செய்யலாம்? படம் எடுக்கச் சொன்னோம். எடுத்தார். றோல்ஸை அவள் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் திரும்பி மறைந்து கொஞ்ச நேரத்தில் அண்ணையின் போன் ஒரு தரம் அடித்து நின்றது.

“வடிவா ஏறி இருந்திட்டாளாம்,” என்றார், முகம் முழுக்கச் சிரிப்பு. “பாத்தீரோ? இது வேலை செய்யும்.”

ஆற்றோரமாக நடந்தோம். பாலத்தடியில் அவர் நின்றார். போனை எடுத்தார், அமத்தினார், முகத்துக்கு முன்னால் பிடித்தார். நான் கூட்டிவிட்ட சத்தம் இன்னும் குறைக்கப்படவில்லை. பழக்கத்தில் நானும் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. பெருவிரல் வெட்டுகிற பொத்தானில்தான் இருந்தது.

நாலாவதற்கு அந்தப் பக்கம், “ஹலோ,” என்றது.

“ஜெயந்தி,” என்றார் தில்லைநாதன் அண்ணை. “சாப்பிட்டியோ?”