தஸ்லீமா விழும் காட்சி

"மேடையில அவ பேசுவா, காதுக்குள்ள நீ பேசுவ. ரெண்டையும் நான் எப்படிக் கேக்க?" என்று சுபைதா பேகம் கேட்டார்.

"அவங்க பேசாதப்ப மட்டும்தான் நான் பேசுவேன், அக்கா."

"அப்ப உனக்கு வேலையே இல்ல பிள்ள. எம் மவ வாய் ஓயாது."

"கடைசிக் காட்சியில பேச மாட்டா."

"ஏன், வாயைத் தைச்சிருவாங்களா?"

முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஹெட்போனை அவர் கையில் வைத்தேன்.

"சரி, சொல்லாத" என்று சிரித்துவிட்டு, முக்காட்டுக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பார்வை இல்லாதவர்களுக்கு நாடகத்தை விவரித்துச் சொல்வது என் வேலை. அரங்கின் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மைக்கில் மெதுவாகப் பேசுவேன். சுபைதா அக்கா மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவர். சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொண்டுபோனபோது மகள் தஸ்லீமா ஆறாம் வகுப்பு. இப்போது கல்லூரியை முடிக்கப்போகிறாள். அக்காவின் மனதில் அவளுக்கு இன்னும் இரட்டைச் சடைதான்.

நாடகம் ஆற்று வெள்ளத்தைப் பற்றியது. தொடங்கும் முன் அக்காவை மேடைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வைத்தோம். வெள்ளமாக வரப்போகும் நீலத் துணியைத் தடவி, "இதுல பத்து பாவாடை தைக்கலாமே" என்றார்.

கடைசிக் காட்சியில் நான் துணி என்று சொல்லவில்லை. "வெள்ளம் கழுத்துக்கு வந்துவிட்டது. கயிற்றை விடுகிறாள். விழுகிறாள். அசைவில்லை" என்றேன். அதன்பின் மேடையிலும் சத்தமில்லை.

"தஸ்லீமா!" என்று அக்கா கத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிணமாகக் கிடந்தவள், "இருக்கேன் உம்மா" என்றாள். அரங்கம் சிரித்தது.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் திருஞானசம்பந்தம், "அவ்வளவு தத்ரூபமாச் சொல்லியிருக்கம்மா" என்று என்னைப் பாராட்டினார். தஸ்லீமா அழுதுகொண்டே, "நாளைக்கு உம்மா வர வேண்டாம்" என்றாள். நான் சொன்னது சரியா, தப்பா? கண் தெரிந்தவர்கள் வெள்ளத்தையும் பார்த்தார்கள், துணியையும் பார்த்தார்கள். நான் இரண்டில் எதைச் சொல்வது? ஹெட்போனில் கேட்ட இன்னொருவர், மாடக்கண்ணு அண்ணாச்சி, "அந்த இடத்துல எனக்கு உடம்பே சிலிர்த்துட்டு. ஒரு வார்த்தை மாத்திராத" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இன்னும் குழம்பியது.

வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நாளைக்கும் வருவேன். சத்தம் போட மாட்டேன்னு அவகிட்ட சொல்லு. ஆனா அவ விழுந்ததும் மூச்சு ஏறி இறங்குதான்னு பாத்து, ஒரு வார்த்தை சொல்லிரு பிள்ள."