சோபாக்காரி தப்பான அறையில் உட்கார்ந்த கதை

சோபாக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். அண்ணன் கடையில் பழைய சோபாக்களின் துணியை உரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, புதுத்துணி போர்த்தி ஆணி அடிப்பது அவள் வேலை. அதில் கெட்டிக்காரி. குடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரி. ஸ்பாஞ்சுக்குள் அவள் செருகிய பாட்டிலை மோப்ப நாய்கூடக் கண்டுபிடிக்காது. ஒருநாள் அவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை; செருகியதை மறந்து மேலே துணியைப் போட்டுத் தைத்துவிட்டாள். சோபா ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போனது. டாக்டரின் மாமியார் ஆசையாக உட்கார்ந்தார். எழுந்தபோது பின்புறம் முழுக்க பிராந்தி.

அண்ணன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "நூலகத்து மாடியில குடியை விடணும்னு நினைக்கிறவங்க கூட்டம் நடக்குதாம். போய்ட்டு வா. போகாம கடைப்பக்கம் தலையக் காட்டாத" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் போனாள். மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். எது எந்த அறை என்று எழுதி ஒட்டவில்லை. ஒட்டினால் யார் வருவார்கள்? படியில் நின்ற பேக்கரிக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?" என்றபடி கையைப் பிடித்து இடதுபக்க அறைக்கு இழுத்துப் போனார்.

அது குடிக்கிறவர்களின் குடும்பத்தார் உட்காரும் அறை. குடிக்கிறவர்கள் எதிர் அறையில் இருந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அதைப் பார்த்ததும் சோபாக்காரிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க, குடிப்பார்" என்றாள்.

அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். இருமல் மருந்து குடித்தால்கூட அன்று வண்டியைத் தொடமாட்டான். அந்த அப்பாவி தலையில் தன் லீலைகளையெல்லாம் கட்டினாள். "பாட்டிலை மாவு டப்பாவுல ஒளிச்சு வைப்பாருங்க. அவங்கம்மா பிறந்தநாளுக்கு வாங்கின கேக் மேலயே விழுந்தாருங்க."

"சண்டாளன்!" என்றார் பேக்கரி அம்மா. "மனுஷனா அவன்?" என்றாள் இன்னொருத்தி. திட்டு யாருக்கு என்று சோபாக்காரிக்கு மட்டும்தான் தெரியும். வாராவாரம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்று ஒருநாள் மட்டும் குடிக்கத் தோன்றாது. மறுநாள் தோன்றும், குடிப்பாள்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கணவன் அவளை அழைத்துப்போக வேனோடு வந்து நின்றான். படியிலிருந்து பார்த்த பேக்கரி அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மகள் தினமும் பள்ளிக்குப் போகிற வேன் அது.

திங்கட்கிழமை காலை, மற்ற தாய்மார்கள் நடுவில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டார். "ஊதுடா! குடிச்சிட்டா என் பொண்ணை ஏத்திட்டுப் போற?" அவன் பேந்தப் பேந்த விழித்தபடி ஊதினான். பற்பசை வாசனை வந்தது. "பார்த்தீங்களா, எப்படி மறைக்கிறான்!" என்றார் அம்மா. மாவு டப்பா, கேக் எல்லாம் சேர்த்துப் பள்ளிக்குப் புகார் போனது. விசாரித்து முடிக்கும்வரை வேனைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் அவன் சோபாக் கடைக்கு வந்தான். "நான் மாவு டப்பாவுல பாட்டில் வைக்கிறேனாம். எங்கம்மா கேக் மேல விழுந்தேனாம்."

சோபாக்காரி வாயில் ஆணிகளைக் கவ்வியபடி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"விழுந்தது யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான். "நீயே சொல்லுவேன்னு பார்க்கிறேன்."

ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு நேராக பேக்கரிக்குப் போனாள். ரொட்டி வாங்கக் கூட்டம் நின்றது. "அம்மா, குடிக்கிறது அவரில்ல. நான்."

"புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றியா? நம்ம எல்லாருக்கும் இருக்கிற வியாதியே இதாம்மா!" என்று அம்மா கண் கலங்கினார்.

சோபாக்காரிக்கு ஆத்திரமாக வந்தது. பொய்யை உடனே நம்பியவர் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாரே! கைப்பையைத் திறந்து, பாதி காலியான பாட்டிலை எடுத்து பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டிக் குனிந்து அவர் முகத்தில் ஊதினாள்.

அம்மா இரண்டடி பின்வாங்கினார். "அடிப்பாவி! உன்னையா இத்தனை வாரமா சண்டாளன்னு திட்டினேன்? கேட்டுட்டு உட்கார்ந்திருந்தியே!"

"சரியாத்தானேம்மா திட்டினீங்க?"

வரிசையில் நின்றவர்கள் ரொட்டியை மறந்தார்கள். அம்மா பாட்டிலைக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, மாவுக் கையோடு பள்ளிக்கு போன் போட்டார். தப்பு தன்மேல் என்று அவர் சொன்னது அன்றுதான் முதல்முறை என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சோபாக்காரி வலதுபக்க அறைக்குள் நுழைந்தாள். சிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் கப்சிப் ஆனார்கள். "அம்மா, குடும்பத்தாருக்கு எதிர் அறை" என்றார் வாசலோரம் இருந்த பிளம்பர்.

"தெரியும். அங்க உட்கார்ந்து பார்த்துட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரேயடியாக விட்டுவிட்டாள் என்று சொன்னால் பொய். நடுவில் ஒருமுறை சறுக்கினாள். அதையும் அந்த அறையிலேயே போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு தொடவில்லை. கணவன் இடதுபக்க அறைக்குப் போக ஆரம்பித்தான். முதலில் வாயே திறக்கவில்லை. திறந்தபின் மூடவில்லை. "போதும்ப்பா, மத்தவங்களும் பேசணும்ல?" என்று பேக்கரி அம்மாவே கெஞ்சவேண்டியதாயிற்று. அங்கே சிரிப்பு வெடிக்கும்போதெல்லாம் எதிர் அறையில் சோபாக்காரி பல்லைக் கடிப்பாள். "எதைச் சொல்லித் தொலைச்சாருன்னு தெரியலையே" என்று பிளம்பரிடம் முணுமுணுப்பாள்.