அஸ்தினாபுரம் தெரிவித்த ஆழ்ந்த கவலை

உலகத்தில் எங்கே ஒரு சிறுபான்மைக் கூட்டம் அடிபட்டாலும், அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனிப் பூங்காவில் அன்று மாலையே கண்டனக் கூட்டம் நடந்துவிடும். பூங்கா மிகவும் சின்னது. இரண்டு சுற்று நடப்பதற்குள் புறப்பட்ட இடமே அலுத்துவிடும். எனவே நடக்க வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

எங்கள் காலனிச் சங்கத்தின் தலைவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம ஜனங்க செத்துக்கிட்டு இருந்தப்ப இந்த உலகம் என்ன சார் பண்ணிட்டு இருந்தது?" என்று குடையைத் தரையில் தட்டிக் கேட்பார். பதில் தெரிந்த மாணவன் கை தூக்குவானா என்று பார்ப்பதுபோல் எங்கள் முகங்களைப் பார்ப்பார். நாங்கள் தலை குனிந்துகொள்வோம்.

செயலாளர் ஓய்வு பெற்றவர் அல்ல. அவர் எந்த வேலைக்கும் போனதில்லை. எங்கள் காலனி மொத்தமும் ஒரு காலத்தில் அவருடைய அப்பாவின் நெல் வயல். பேசிக்கொண்டிருக்கும்போதே, "சார், நீ நிக்கிற எடத்துலதான் எங்க கெணறு இருந்துச்சு" என்பார். கேட்டவர் தன்னையறியாமல் ஓர் அடி தள்ளி நிற்பார்.

நான் தில்லியில் ஓர் அமைச்சகத்தில் அறிக்கைகளுக்கு வரைவு எழுதியவன். வெளிநாட்டில் ஏதாவது நடந்தால் அதைப் பற்றி அரசு என்ன நினைக்கிறது என்று, எதுவுமே நினைக்காததுபோல் எழுதுவது என் வேலை. அதற்குப் படிகள் உண்டு. முதலில் 'கவனித்து வருகிறோம்'. அப்புறம் 'உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்'. பிறகு கவலை, ஆழ்ந்த கவலை, வருத்தம். உச்சியில் கண்டனம். என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் கண்டனம் வரைக்கும் ஏறினேன். அதுவும் தட்டச்சுப் பிழை. அதற்காக மெமோ வாங்கினேன்.

இப்படிப்பட்ட எனக்கு ஒரு ரோஹிங்யாவைத் தெரியும் என்பது பூங்காவில் பெரிய கௌரவமாக இருந்தது.

அவர் பழைய பேப்பர் வாங்க வருகிறவர். கேளம்பாக்கத்தில் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில், பர்மாவிலிருந்து தப்பி வந்த குடும்பங்களோடு இருந்தார். ஸ்கூட்டர் இன்ஜின் பொருத்திய மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வருவார். தமிழை முழுக்க முழுக்கக் காயலான் கடையில் கற்றுக்கொண்டவர். "இன்னா சார், பேப்பர் கீதா?" என்று அவர் கேட்கும்போது, தில்லித் தமிழ் பேசும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

ஒரு நாள் நான் போட்ட பேப்பர்க் கட்டின் மேலே இருந்த தாளில் ஒரு படம். குடிசைகள் எரிகின்றன. அதைக் கையில் எடுத்தவர் தராசில் வைக்கவில்லை.

"நம்ம ஊரு சார்" என்றார். விரலால் படத்துக்கு வெளியே, விளம்பரம் இருந்த இடத்தைத் தொட்டார். "நம்ம வூடு இங்க வரும்."

மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒரு தாளை மட்டும் எடை போடவில்லை.

அன்று மாலையே நான் அதைப் பூங்காவில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். தலைவர் குடையை ஓங்கித் தட்டினார். "அன்னிக்கு உலகம் சும்மா இருந்தது. இன்னிக்கு நாம சும்மா இருக்கக் கூடாது." ஜெனீவாவுக்கு ஒரு தீர்மானம் அனுப்புவது என்று முடிவாயிற்று. வரைவு நான். சும்மா சொல்லக் கூடாது, அற்புதமாக வந்தது. வாழ்நாளில் முதல் முறையாக, பிழை இல்லாமல், மேலதிகாரி இல்லாமல், 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு காபி குடித்தேன்.

செயலாளர், "எங்க சார் கையெழுத்து?" என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுத்தார்.

அனுப்பிய மறுகணமே பதில் வந்தது. உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம் என்று. இயந்திரம் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. தலைவர் அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, சங்கத்து அறிவிப்புப் பலகையில் மாட்டினார். எல்லோருக்கும் மெதுவடை வாங்கித் தந்தார்.

இதற்குப் பிறகு மார்கழி வந்தது.

பேப்பர்காரர் தொண்டை நோகக் கத்துவதை விட்டு ஒரு ஒலிபெருக்கி வாங்கியிருந்தார். கேளம்பாக்கத்தில் யாரோ ஒரு கடைக்காரன் அதில் ஒரு பெண் குரலைப் பதிந்து கொடுத்திருந்தான். "பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக், ஓட்டை ஒடைசல் அலுமினியம்" என்று கணீரென்று கேட்கும். அதற்கு முன்னால் வேறு ஒருவருக்காகப் பதிந்ததைக் கடைக்காரன் சரியாக அழிக்கவில்லை. ஆகவே அலுமினியம் முடிந்ததும் அதே குரல் கொஞ்சம் கொஞ்சலாக, "கோலமாவு, கோலமாவு" என்று முடிக்கும்.

மார்கழியில், பிற்பகலில், கோலமாவு என்ற சொல்லுக்கு எங்கள் காலனியில் உள்ள வலிமையை அவர் அறிந்திருக்கவில்லை. கதவுகள் திறந்தன. கிண்ணங்களோடு பெண்கள் வந்தார்கள். அவர், "அது நா இல்லமா, அது சும்மா" என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்கினார். செயலாளரின் மனைவியும் வந்து ஏமாந்து போனார். வண்டி தெருக்கோடியில் திரும்பி வந்தபோது அவர் மறுபடியும் கிண்ணத்தோடு ஓடி வந்தார். அப்போது கதவு சாத்திய சத்தத்தில் செயலாளரின் மதியத் தூக்கம் கலைந்தது.

நான் என் வீட்டு பால்கனியில் வேட்டி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் வீடுதான். எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

செயலாளர் லுங்கியோடு வந்தார். "எங்கடா கோலமாவு?"

"கோலமாவு இல்ல சார். பேப்பர்."

"அப்ப இன்னாத்துக்குடா கூவுற?"

"நா கூவல சார். அது கூவுது."

"கிண்டலாடா பண்ற? எந்த ஊருடா நீ?"

"பர்மா சார்."

"பர்மா பஜாரா?"

"இல்ல சார். பர்மா."

பளார் என்று விழுந்தது. கோலமாவுக்காக விழுந்ததா பர்மாவுக்காக விழுந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒலிபெருக்கியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அதற்குள்ளிருந்து அது இன்னொரு முறை கோலமாவு விற்றுவிட்டு நின்றுபோயிற்று. "வெளிநாட்டுக்காரனுங்கல்லாம் பூந்து வேவு பாக்கறானுங்க. இனிமே இந்தப் பக்கம் வந்த, காலை ஒட்ச்சிடுவேன்" என்றார். பேப்பர்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். நான் ஈர வேட்டிக்குப் பின்னால் நின்றேன். வேட்டி மெல்லியது, நான் நன்றாகத் தெரிந்திருப்பேன்.

சாயந்திரத்துக்குள் காலனி வாட்ஸ்அப் குழுவில் 'அந்நியர் நடமாட்டம், உஷார்' என்று வந்துவிட்டது. மறுநாள் பேப்பர்காரர் வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு என் வீட்டுக்கு நடந்து வந்தார்.

"சார், இந்த ஏரியா போச்சுன்னா நமக்கு பேஜாராய்டும். புள்ளைங்க கீது. நீ பாத்தியே சார். நா ஒண்ணும் பண்ணல, அவருதான் அட்ச்சாருன்னு மீட்டிங்ல சொல்லு. நீ சொன்னா கேப்பாங்கோ."

"கூட்டத்தில் எடுக்கிறேன்" என்றேன். எடுக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதற்காகவாவது நான் பேசியிருக்க வேண்டும்.

கூட்டத்தில் செயலாளர் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். என் வீட்டு மோட்டார் ரிப்பேரானபோது அவர் வீட்டிலிருந்துதான் தண்ணீர் வந்தது. தலைவர், "சார், இது ரொம்ப சென்சிடிவ் மேட்டர். நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். நாலு வரி எழுதுங்க" என்றார். எழுதினேன்.

'காலனியில் நிகழ்ந்த விரும்பத்தகாத சம்பவம் குறித்துச் சங்கம் ஆழ்ந்த கவலை கொள்கிறது. இரு தரப்பினரும் நிதானம் காக்குமாறு கேட்டுக்கொள்கிறது. நிலைமை சீராகும் வரை வெளியார் வண்டிகள் காலனிக்குள் வருவது நிறுத்தி வைக்கப்படுகிறது.'

ஏகமனதாக நிறைவேறியது. செயலாளரே கை தூக்கினார். "நிதானம் நல்லதுதான் சார்" என்று இன்னும் கொஞ்சம் கடலை கொடுத்தார். அதைப் பலகையில், ஜெனீவாவின் பதிலுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். இரண்டும் ஒரே கை எழுதியதுபோல் இருந்தன.

தெருமுனையில் காத்திருந்த பேப்பர்காரரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பேரும் அமைதியா இருக்கணும்னு சொல்லியிருக்கோம்."

"நா அமைதியாதான சார் இருந்தேன்" என்றார். "அட்ச்சப்பகூட."

அப்புறம் அவர் வரவில்லை.

வீட்டில் மாதக்கணக்கில் பேப்பர் சேர்ந்தது. முதலில் பரண் நிறைந்தது, பிறகு கட்டிலுக்கடியில். வேறு ஒரு பேப்பர்காரரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை, ஏன் என்று மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வேட்டிக்குப் பின்னால் நின்றதை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். கண்ணால பாத்தீங்க. காதால கேட்டீங்க. அன்னிக்கு மீட்டிங்குக்கு பல்செட்டை வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டீங்களா?"

"அது அப்படியில்லம்மா. ஒரு அமைப்புன்னா சில மரபுகள்..."

"எந்த அமைப்பு? அங்க ஆறு பேரும் ஒரு சுண்டல் பொட்டலமும்தான இருக்கு?"

மறு வாரம் தாம்பரத்துக்குப் போய் கேளம்பாக்கம் பஸ் ஏறினேன். வண்டலூர், மாம்பாக்கம் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரைவு எழுதிக்கொண்டே போனேன். நாலைந்து முறை திருத்தினேன்.

அந்தக் கட்டடத்தில் குடும்பங்களுக்கு நடுவே சுவர் கிடையாது. பழைய ஃபிளெக்ஸ் பேனர்களைத் தொங்கவிட்டுத் தடுத்திருந்தார்கள். யாரோ ஒரு வேட்பாளர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை விலக்கிக்கொண்டு பேப்பர்காரர் வெளியே வந்தார். பெரியவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று பதறி ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"நான் பார்த்தேன். உங்க மேல தப்பே இல்ல. அவர்தான் அடிச்சார்."

அவர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். பிறகு மிகவும் பொறுமையாக, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"அது எனக்கு தெரியும் சார். அடி வாங்குனது நாந்தான். அத்த ஏன் இங்க வந்து சொல்லிகினு கீற? அங்க போய் சொல்லு."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவருடைய மனைவியாக இருக்க வேண்டும். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். "அன்னிக்கு செயலாளர்தான் அடிச்சார். அந்த ஆள் ஒண்ணும் செய்யல. நான் பார்த்தேன். தடையை எடுக்கணும்."

தலைவர் குடையைத் தேடினார். "சார், 'அடிச்சார்' கொஞ்சம் ஸ்ட்ராங்கா இல்ல? 'கை பட்டது'ன்னு போட்டுக்கலாமா?"

"கை படல சார். அடிச்சார்."

"சரி, 'அடித்ததாகக் கூறப்படுகிறது'?"

"யார் கூறினது? நான்தான் கூறறேன்."

செயலாளர் கடலையைக் கீழே வைத்தார். "இன்னா சார் ஆளாளுக்கு? ஆமா, அட்ச்சேன். தூக்கத்துல எய்ந்து வந்தேன், கோவம், அட்ச்சிட்டேன். இத்தினி மாசமா யாராச்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? வர சொல்லு சார், வந்துட்டுப் போட்டும்."

நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மார்கழியிலேயே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பேப்பர்காரருக்கு போன் செய்தேன். "தடையை எடுத்தாச்சு. நீங்க வரலாம்."

"சந்தோசம் சார். ஆனா நா வர்ல. இங்கியே பேப்பருக்கு நாலு ஃபிளாட்டுங்கோ புட்ச்சிட்டேன். கொறச்சலாதான் கீது, ஓடுது." வண்டி இன்ஜினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "அந்தத் தெருவ நென்ச்சா கன்னம் சுடுது சார். உனுக்கு பேப்பர் போடணும்னா இங்க எத்துகினு வா."

அதனால் இப்போதெல்லாம் பேப்பர் கட்டோடு பஸ்ஸில் போகிறேன். போன முறை கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். காலால் கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பழைய பேப்பரப் போட கேளம்பாக்கம் வரைக்கும் போற? உங்க ஏரியால வாங்க ஆளே இல்லியா?" என்றார்.

"இருந்தார்" என்றேன். "நாங்க அடிச்சுத் துரத்திட்டோம்."

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, கட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார்.