வெள்ளையாக நின்ற தட்டுகள்

நகரியில் சாயப்பட்டறை வைத்திருந்த சின்னசாமியின் மகள் நளினி, திருப்பதியில் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது அது என்ன படிப்பு என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. "கிருமியப் பத்தி படிக்கிறா" என்று சின்னசாமி ஊரெல்லாம் சொல்லிவைத்தார். கேட்டவர்கள் டாக்டர் படிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐதராபாத்தில் புதிதாகத் தொடங்கிய நொதிக் கம்பெனி ஒன்று நளினிக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ப்ராஜெக்ட் தேறினால்தான். தேறாவிட்டால் சத்தியவேட்டு அத்தை மகன் தயாராக இருந்தான். நல்ல பையன்தான், ஆனால் வாயைத் திறந்தால் மோட்டார் பம்பைத் தவிர வேறு பேச்சில்லை.

அவள் ப்ராஜெக்ட் பாக்டீரியாவின் சிக்கனத்தைப் பற்றியது. காற்று கிடைத்தால் அது சர்க்கரையை முழுசாக எரித்துப் பிழைக்கும்; கிடைக்காவிட்டால் நொதிக்கவைத்துக் காலம் தள்ளும். அதற்கு வேண்டிய நொதிகளை முன்கூட்டியே செய்து அடுக்கிவைக்காது. உள்ளே காவலுக்கு ஒரு புரதம் உண்டு. ஆக்ஸிஜன் பட்டால் அது குலைந்து சும்மா கிடக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் இரண்டிரண்டாகக் கைகோத்து டி.என்.ஏ.மேல் உட்கார்ந்து, நொதித்தலுக்கான மரபணுவை முடுக்கிவிடும். அப்படி ஒரு மரபணுவோடு நிறம் காட்டும் நொதி ஒன்றை ஒட்டவைத்திருந்தார்கள். மரபணு வேலை செய்தால் பாக்டீரியாப் புள்ளிகள் நீலமாகும், செய்யாவிட்டால் வெள்ளை.

பாக்டீரியா வளரும் தட்டுகளை ஒரு ஜாடிக்குள் அடுக்கி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மயில்துத்தக் கரைசலில் நனைத்துக் கூடவே வைத்திருந்தாள். அது துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். திறந்தால் மரபணு அணைந்து நீலமும் போய்விடும் என்ற பயத்தில் மூடியைச் சுற்றி வேசலின் பூசி, யாரையும் தொட விடவில்லை.

தேர்வன்று சென்னையிலிருந்து தேர்வாளராக வந்த எத்திராஜ் சார் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். எல்லாப் புள்ளியும் வெள்ளை. வெளியே காற்றில் வளர்ந்த தட்டும் வெள்ளை.

"மூட்ட கட்ட வேண்டியதுதான்" என்றான் கூடப் படித்த புத்தூர்க் கிரண்குமார், அவள் காதோடு. "வேணும்னா நம்ம ஊட்லருந்து நீல இங்க் கொண்டாரட்டா?"

"சும்மா இருடா."

"திறந்துடும்மா, பாக்கலாம்" என்றார் எத்திராஜ்.

நளினி மூடியைத் திருகினாள். தட்டுகளை வரிசையாக மேசையில் வைக்கும்போது கை நின்றது. பட்டறையில் நீலத் தொட்டியிலிருந்து நூல் மஞ்சளாகத்தான் மேலே வரும். கம்பில் போட்டுக் காற்றாட விட்டால்தான் நீலம் ஏறும். அதுவரை யாராவது நிறத்தைப் பற்றி வாய் திறந்தால் சின்னசாமிக்குக் கெட்ட கோபம் வரும். இந்தத் தட்டில் வரவேண்டியதும் அதே அவுரி நீலத்தின் பங்காளிதானே?

"சார், ஒரு டீ சாப்ட்டு வரீங்களா?"

எத்திராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சையில என்னை டீ சாப்பிட அனுப்பின மொத ஆளு நீதான்" என்று சொல்லிவிட்டு, போயே விட்டார்.

அவர் திரும்பியபோது ஜாடித் தட்டுகளில் நீலம் பொரிந்திருந்தது. காற்றில் வளர்ந்த தட்டு வெள்ளையாகவே இருந்தது.

"காத்துலதான நீலமாச்சு? அப்ப காத்து இல்லாதபோது மரபணு வேல செஞ்சுதுன்னு எப்படிச் சொல்ற?"

"நொதி உள்ளாறயே தயாராயிடுச்சு சார். மரபணு இப்ப அணைஞ்சாலும் செஞ்ச சரக்கு எங்க போவும்? நெறம் கட்டத்தான் காத்து வேணும். காத்தாலயே நீலம் வரும்னா அந்தத் தட்டும் நீலமாயிருக்கணுமே."

எத்திராஜ் வெள்ளைத் தட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினாள். "தேறிட்டேன் நைனா. ஐதராபாத்து போறேன்."

மறுமுனையில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார் சின்னசாமி.

"அங்க சோறு நல்லாருக்குமா?"

"காரம் ஜாஸ்தியாம் நைனா."

"அப்ப பரவால்ல, உன் வாய் தாங்கும்" என்றார் சின்னசாமி. "என்னிக்கி வண்டி சொல்லு. நானும் வந்து உட்டுட்டு வரேன்."