மாமனாருக்கு வைத்த குழம்பு

திருப்பூர் முதலிபாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனியில் நாகஜோதியைத் தெரியாதவர்கள் கிடையாது. செக்கிங் டேபிளில் நிற்பாள். ஊசி விட்ட ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிந்த தையல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சூப்பர்வைசரே பாஸ் பண்ணின பீஸைக்கூட எடுத்து அவர் முன்னால் போட்டுவிடுவாள். "ஓட்டை ஓட்டைதான சார், நீங்க கண்ணை மூடிக்கிட்டா அடைச்சுக்குமா?" என்பாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பொய் பேசாத பொம்பளை என்று எல்லோரும் சொன்னார்கள். 2007 தீபாவளி வரைக்கும் அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஊர் மானாமதுரைப் பக்கம். கல்யாணமான கையோடு அயர்ன் மாஸ்டரான புருஷன் ஜெயபாண்டியுடன் திருப்பூருக்கு வந்து லைன் வீட்டில் குடியேறினாள். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கவில்லை என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அவள் குழம்பு கொதித்தால் அக்கம்பக்கத்து வீடுகள் கிண்ணத்தோடு வந்து நிற்கும். அப்படிப்பட்டவள் சைவமானது மகள் தாரணியால்.

மூன்று வயதில் தாரணிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. லைன் வீட்டின் சொந்தக்காரி பழனாயி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார்.

"சிவன்மலை ஆண்டவருக்கு வேண்டிக்க கண்ணு. உனக்கு எது ரொம்பப் பிரியமோ அதை உட்டர்றேன்னு சொல்லு. அவரு கைவிட மாட்டாருங்க" என்றார்.

வார்டு வராந்தாவில் நின்றபடியே நாகஜோதி வேண்டிக்கொண்டாள். இனி ஆயுசுக்கும் கவிச்சியைத் தொடமாட்டேன், வீட்டுப் படியேற விடமாட்டேன், பிள்ளையைக் கொடுத்துவிடு. ஆறாம் நாள் பிள்ளை தண்ணீர் கேட்டது.

விரதம் இருப்பவர்கள் பேசாமல் இருந்துவிட்டுப் போகலாம். நாகஜோதியால் அது முடியவில்லை. புருஷன் மெஸ்ஸில் முட்டை சாப்பிட்டு வந்தால் வாசலிலேயே வாய் கொப்பளிக்க வைத்தாள். கம்பெனியில் பக்கத்துக்காரி மீன்குழம்பு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். போன வருஷம் வரை அதே டப்பாவில் கைவிட்டவள்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவள் பட்டப்பகலிலேயே பிடித்தாள்.

அந்தத் தீபாவளிக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி. ரெண்டே நாள் லீவு என்றுவிட்டார்கள். ஊருக்குப் போக வழியில்லாததால் ஜெயபாண்டியின் அப்பா சோணைமுத்து தானே கிளம்பி வந்துவிட்டார். எழுபது தாண்டியவர். பெண்சாதி போய் ரெண்டு வருஷம். ஒரு கண்ணில் புரை, மறு கண்ணிலும் மங்கல், வாயில் நாலைந்து பல்தான் மிச்சம்.

மருமகளின் வேண்டுதல் அவருக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக, "எனக்காவ ஒண்ணும் பண்ணாத ஆத்தா. சாம்பாரு வச்சாப் போதும்" என்றார். ஆனால் சாயங்காலம் மகனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்காத்தா இருந்த வரைக்கும் தீவாளிக்கு இட்லியும் கறிக்குழம்பும் தப்பாதுடா. அவ போனபிறகு யாரு ஆக்கிப் போடுறா?" என்றார். அடுப்படியில் நின்ற நாகஜோதிக்கு அது காதில் விழுந்தது.

மெஸ்ஸுக்குக் கூட்டிப் போகலாம் என்றால், தீபாவளியன்று திருப்பூரில் எந்த மெஸ் திறந்திருக்கிறது? சமைப்பவர்கள் பாதிப்பேர் தெற்கத்திக்காரர்கள், பஸ் ஏறிப் போயிருப்பார்கள். யோசித்து யோசித்து, சோயா மீல்மேக்கர் வாங்கி வரச் சொன்னாள். கறிக்கு வறுக்கும் அதே மசாலாவை வறுத்து, சோம்பும் தேங்காயும் அரைத்து, சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு வைத்தாள். ஏமாற்றவேண்டும் என்று வைக்கவில்லை. கிழவரின் ஆசையில் பாதியாவது தீரட்டும் என்று பாவப்பட்டுத்தான் வைத்தாள். கறியில்லாமலே கறிக்குழம்பு வைக்கத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் கொஞ்சம் இருந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார் சோணைமுத்து. ஒரு துண்டைப் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கறி பஞ்சா வெந்துருக்கு ஆத்தா."

நாகஜோதி வாயைத் திறந்தாள். சொல்லாதே என்று ஜெயபாண்டி கண்ணைக் காட்டினான். அந்த ஒரு நொடியில் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், கிழவரும் சேர்ந்து சிரித்திருப்பார்.

"இன்னும் ரெண்டு வைக்கவா மாமா?" என்றாள்.

தாரணி, "தாத்தா, அது..." என்று ஆரம்பித்தாள். தொடையில் அம்மாவின் கிள்ளு விழுந்ததும் அடங்கிவிட்டாள்.

நாலாவது துண்டில் கிழவரின் கை நின்றது. "ஏத்தா, நீ பிள்ளைக்கு நேந்துருந்தியே?"

"உங்களைவிடவா மாமா? இன்னைக்கு ஒருநாள் தான."

இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கிழவர் தலையைக் குனிந்து, குழம்பு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார். அவர் எழுந்து போனதும் ஜெயபாண்டி வாயைப் பொத்திச் சிரித்தான். நாகஜோதியும் சிரித்தாள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கிழவரைக் காணவில்லை. டீக்கடை, பஸ் ஸ்டாப், எல்லா இடமும் தேடியாயிற்று. கண்ணும் சரியாகத் தெரியாத மனிதர் எங்கே போயிருப்பார் என்று நாகஜோதி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மத்தியானம் ஜெயபாண்டி இன்னொரு தரம் தேடப் போயிருந்த நேரத்தில், லைன் வீட்டு முனையில் ஒரு மொட்டைத்தலை வந்தது. யாரோ என்று நினைத்தாள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. தலை நிறையச் சந்தனம். மீசையும் இல்லை. வாலிபத்திலிருந்து ஒருநாளும் எடுக்காத மீசை, பெண்சாதி செத்த அன்றைக்குக்கூட எடுக்கமாட்டேன் என்று பங்காளிகளோடு சண்டை போட்ட மீசை.

"சிவன்மலைக்குப் போய்ட்டு வந்தேன் ஆத்தா" என்றார். மூச்சு வாங்கியது. "காங்கேயம் பஸ்ஸுல ஒரு புண்ணியவான் கைய புடிச்சு எறக்கிவிட்டான். கறி தின்னது நானு, குத்தம் என்னோடது, பிள்ளை மேல வைக்காதன்னு சொல்லி முடியைக் குடுத்துட்டேன். நீ பயப்படாத. எனக்காவ நேத்திக்கடனையே விட்டவ நீ."

மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துத் தாரணியின் நெற்றியில் தடவிப் பார்த்துப் பூசினார். அடுத்து நாகஜோதியின் பக்கம் கையை நீட்டினார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. அந்தத் திருநீற்றை வாங்கக் கை வரவில்லை. அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, அது கறி இல்ல மாமா. மீல்மேக்கரு. நான் வேண்டுதலை விடவே இல்ல. நீங்க கறின்னு சொன்னீங்க, நான் ஆமான்னுட்டேன்."

கிழவருக்கு விளங்க நேரமாயிற்று. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தலையைத் தடவினார், மேலுதட்டையும் தடவினார்.

"பாண்டிக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"பிள்ளைக்கு?"

நேற்றுக் கிள்ளிய தாரணியின் தொடையை அவள் தடவினாள்.

"அப்ப நான் திங்கிறப்ப எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துருக்கீங்க."

காறித் துப்புவார், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள், கொஞ்சமாவது ஆறியிருக்கும். சோணைமுத்து அது எதையும் செய்யவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு, முனையை வாய் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார். குற்றம் செய்தவள் தரையில் உட்கார்ந்திருக்க, வெட்கம் அவருக்கு வந்துவிட்டது. அதைத்தான் நாகஜோதியால் தாங்கமுடியவில்லை.

"ஊருல கேட்டா பேத்திக்கு நேந்த மொட்டைன்னு சொல்லிக்கிறேன்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. குரல் கெஞ்சியது. "மத்ததை நீ யாருகிட்டயும் சொல்லிறாத ஆத்தா."

"சொல்லமாட்டேன் மாமா" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, மானாமதுரைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.