நாற்பது மீட்டர் நீலக்கோடு

மஸ்கட்டில் எங்கள் வகுப்பறைத் திரையில் விரல் வைத்து இழுத்தால் பூமி நகர்கிறது. ஆறு வருடங்களாகப் புவியியல் நடத்துகிறேன்; இன்னும் ஒவ்வொரு நாளும் அந்த முதல் இழுப்பில் கை கூசுகிறது. ஊரில் வரப்பை ஒரு சாண் நகர்த்தினால் பஞ்சாயத்து கூடும். இங்கே கண்டங்களையே தள்ளுகிறேன், யாரும் கேட்பதில்லை.

தை மாதத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில், நாகப்பட்டினத்துக்கு மேற்கே எங்கள் வயலில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்துவிட்டது. நாட்குறிப்பில் இருப்பதை அப்படியே தருகிறேன்: திங்கள், கணுக்கால் அளவு தண்ணீர். செவ்வாய், முழங்கால். கதிர் மூழ்கிக் கிடந்தால் சில நாட்களில் நெல் அங்கேயே முளைத்துவிடும். ஊரில் பயிரைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர் அனுப்பிய படத்தை, அரபி சொல்லித்தரும் ஓமானிய ஆசிரியை எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், இவ்வளவு தண்ணீரா! கொடுத்துவைத்தவர்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மழைக்கு ஏங்கும் நாட்டில் பிறந்தவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? நன்றி என்றேன்.

புதன்கிழமை எட்டாம் வகுப்புக்கு, மேட்டையும் பள்ளத்தையும் நிறத்தால் காட்டும் கணினி வரைபடத்தில் பயிற்சி. எந்த ஆற்றையும் எடுத்திருக்கலாம். எங்கள் வயலை எடுத்தேன். பாடம் பாதி, பதைப்பு பாதி. தேங்கிய நீரை எப்படி வெளியேற்றுவது என்று கேட்டேன். மரியம் என்ற மாணவி வந்து, கிழக்கு வரப்பை வெட்டி, அடுத்த வயல் வழியாக வடிவாய்க்கால் வரை நீலக்கோடு ஒன்றை இழுத்தாள். நாற்பது மீட்டர். திரையில் தண்ணீர் ஓடி மறைந்தது. வகுப்பு கைதட்டியது.

பத்தேகாலுக்கு இடைவேளை. ஊரில் அப்போது பதினொன்றே முக்கால்.

"என்னங்க, கிழக்கு வரப்ப ஒரு எடத்துல வெட்டினா போதும். மேப்ல பாத்துட்டேன்."

"மேப்ல வசந்தாக்கா தெரியுறாங்களா?"

திரையில் இன்னும் அழிக்காத நீலக்கோட்டைப் பார்த்தேன்.

"அவங்க வயல் வடிஞ்சாத்தான் நம்ம மடை. ஆறு வருசத்துல அதுவும் மறந்துபோச்சா டீச்சரம்மா?"

மறக்கவில்லை. வசந்தா அக்கா குத்தகைக்குச் செய்யும் வயல் எங்களுடையதைவிடத் தாழ்வு. தாழ்ந்த வயல் வடிந்த பிறகே மேல் வயல்காரர் மடை திறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. நான் ஊரில் இருந்த கடைசி வருடத்து மழையில், அக்காவே சேற்றுக் காலோடு எங்கள் வாசலுக்கு வந்து, "எங்களுது வடிஞ்சிடுச்சு, தொறந்துக்கங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். அதற்காக இரண்டு நாள் காத்திருந்தோம். ஆனால் அன்று நான் வரப்பில் நின்றிருந்தேன். இன்று திரைமுன் நிற்பவளுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை.

பிற்பகல் கணவர் தண்ணீர் இறைக்க மோட்டார் தேடி நாகப்பட்டினம் போயிருந்த நேரத்தில், எங்கள் வயலில் வேலை பார்க்கும் மூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலியே டீச்சரம்மா?"

"நான் சொல்றேன், வெட்டுங்க. தண்ணி அங்க நிக்காது, ஓடிடும்."

ஓடவில்லை. வடிவாய்க்கால் ஏற்கெனவே கரைமுட்டி நின்றது. வரைபடத்தில் அது எப்போதும் காலியாகவே இருக்கும். எங்கள் தண்ணீர் முழுவதும் அக்காவின் வயலில் இறங்கி அங்கேயே தங்கியது. எங்கள் கதிர் வெளியே தெரிந்தது, அவருடையது மூழ்கியது.

வியாழன் காலை, வகுப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கணவர் அழைத்தார். "வெட்டுன எடத்த அடைச்சிட்டேன். அக்கா பக்கத்துலதான் நிக்கிறாங்க. நீயே பேசு."

"டீச்சர்," என்றார் வசந்தா அக்கா. குரலில் கோபமே இல்லை. "இன்னிக்கு எங்களுது வடிஞ்சிருக்கும். நானே வந்து சொல்லியிருப்பேனே. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

மணி அடித்துவிட்டது. கைபேசியோடு வகுப்புக்குள் போய் அதை மேசைமேல் வைத்தேன்.

"மிஸ், உங்கள் வயலில் தண்ணீர் போய்விட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் மரியம்.

"போய்விட்டது" என்றேன், நானும் ஆங்கிலத்தில்.

இருபத்தாறு பேரும் கைதட்டினார்கள். அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். அழைப்பை நான் துண்டித்திருக்கவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுமுனையில், மூழ்கிய பயிரின் ஓரத்தில், அந்தக் கைதட்டலைக் கேட்டபடி வசந்தா அக்கா என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.