ஐஸ்கிரீம் வாங்கித் தரும் மகன்

எங்கள் மகனுக்கு வேலை அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில். வீடு மட்டும் அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி, மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் வாங்கியிருக்கிறான். கிராமம் என்றால் ஒரு தபால் நிலையம், வெள்ளையடித்த ஒரு சர்ச், ஒரு கடை, நிறைய மாடுகள், கொஞ்சம் குதிரைகள். மனிதர்களைக் காருக்குள் பார்க்கலாம்.

"அப்படியே ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கும், பாருங்கப்பா" என்று ஏர்போர்ட்டிலிருந்து வரும்போதே சொன்னான். ஸ்விட்சர்லாந்தை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட உவமைகளை நான் வீட்டுமனைத் தரகர்களிடம்தான் கேட்டிருக்கிறேன்.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு முதியவர் மகனோடு வருவார். சட்டை புதிதாக இருக்கும். வாயோரத்தில் ரவா தோசையின் நெய் மினுங்கும். மகன் நாற்காலியை இழுத்துப் போடுவான், மின்விசிறியை அவர் பக்கம் திருப்புவான், "காபி சொல்லட்டுமாப்பா?" என்பான். என்ன பத்திரம் என்று நான் பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. செட்டில்மென்ட், வீடு மகன் பேருக்கு. கையெழுத்தும் கைரேகையும் முடிந்த பிறகு அதே அப்பா பஸ் ஸ்டாப்புக்குத் தனியாக நடந்து போவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, வந்து இறங்கிய முதல் சனிக்கிழமையே மகன் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தபோது நான் உஷாரானேன்.

அது ஒரு பால் பண்ணை. மாடு கண்ணெதிரே நிற்கும், ஐஸ்கிரீம் பக்கத்துக் கொட்டகையில் விற்கும். அடுத்த வாரம் ஒரு ஏரி. வாத்துகளுக்குத் தீனி போடக்கூடாது என்று போர்டு, போர்டுக்கு அடியிலேயே வாத்துகள். அதற்கடுத்த வாரம், தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு நடைபாதை ஆக்கிய பழைய ரயில் தடம். எங்கே போனாலும் திரும்பி வரும்போது கார் ஏதாவது ஒரு கட்டிடத்தின் முன்னால் மெதுவாகும்.

"இந்த ஆஸ்பத்திரில கார்டியாலஜி ரொம்ப நல்லா இருக்கும்பா."

"எனக்கு ஹார்ட் நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா சொன்னேன்."

இன்னொரு நாள், பெரியவர்கள் யோகா செய்யும் கூடம். சும்மா சொன்னானாம். பின்சீட்டில் பேத்தி, "தாத்தா, ஒய் ஆர் யூ மேக்கிங் தட் ஃபேஸ்?" என்றாள். எனக்கு அந்த ஒரே முகம்தான் என்று சொன்னேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்களை இங்கேயே வைத்துக்கொண்டு திருச்சி வீட்டுக்கு வழி பண்ணப் போகிறான். நான் நின்று கட்டிய வீடு. அக்டோபரில் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவில் ஒரு கறிவேப்பிலைச் செடி வந்தது. ஐசலினில் இருக்கும் இந்தியக் கடைத்தெருவில் வாங்கியது, உள்ளங்கை அகலத் தொட்டியில் ஒரு குச்சி. அதை மகன் வாளி பருமனுள்ள தொட்டிக்கு மாற்றினான். அக்டோபரில் கிளம்புகிறவர்கள் பறிக்கவா இந்தத் தொட்டி? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வார நாட்களில் நானும் மனைவியும் காலையில் நடப்போம். அவள் எனக்கு முன்பே எழுந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருப்பாள் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. தபால் வண்டி எங்களைக் கடக்கும்போது உள்ளேயிருந்து ஒரு கை ஆடியது.

"யாரது?"

"தபால் கொண்டு வர்ற பொண்ணு. பாவம், முட்டி வலியாம்."

"எந்த பாஷையில சொன்னா?"

"முட்டியைக் காட்டித்தான் சொன்னா."

சாலைத் திருப்பத்தில் வேலிக்குப் பின்னால் ஒரு செந்நிறக் குதிரை. அவளைக் கண்டதும் ஓடி வந்தது. என்னைக் கண்டதும் நின்றது. அவள் புடவை மடிப்பிலிருந்து கேரட் எடுத்தாள். திருச்சியில் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மகனையே கண்காணித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் மறுபடி அதே பால் பண்ணை. "அப்பா, உங்களுக்கு ரெண்டு ஸ்கூப்பா வாங்கட்டுமா?" என்றான் மகன். ஒன்று இரண்டானால் பத்திரம் தயார் என்று அர்த்தம். அவன் வாங்கி வந்து கொடுத்ததும் நேராகக் கேட்டேன்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"என்னப்பா?"

"வீட்டை விக்கறியா, உன் பேருக்கு மாத்தறியா? இங்கேர்ந்து பவர் எழுதினா கான்சுலேட்ல அட்டெஸ்ட் பண்ணணும். அங்க போனதும் முத்திரைத் தீர்வை கட்டணும். எனக்குத் தெரியாததா?"

"ஐயோ அப்பா, அந்த வீடு யாருக்கு வேணும்? மழை பெஞ்சா குடை பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போகணும்."

"அப்ப ஆஸ்பத்திரி, யோகா, இந்த ஐஸ்கிரீம்?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். "அம்மா, இதுக்கு மேல என்னால முடியாது. நீயே சொல்லிடு."

அவள் தன் கோனை ஒரு சுற்றுச் சுற்றிச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணச் சொன்னது நான்தான். எனக்கு. உங்களுக்கும் வேணும்னா உங்களுக்கும். நேரா கேட்டா முடியாதும்பீங்க, ஊரைச் சுத்திக் காட்டுடான்னேன்."

பத்திரம் எழுதிக் கொடுப்பவர்களிடம் ஆபீஸில் கேட்கும் பழைய கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்தது. "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல. சுயநினைவோட, முழு சம்மதத்தோட சொல்றேன்." அந்த வாசகத்தை வீட்டில் நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். "அங்க நான் சார் வீட்டம்மா. காய்காரர்லேர்ந்து கோயில் குருக்கள் வரைக்கும் என்கிட்ட கேக்கறது 'சார் சௌக்கியமா'தான். இங்க அந்தக் குதிரைக்கு உங்களைத் தெரியவே தெரியாது."

"தாத்தா, யுவர் ஐஸ்கிரீம் இஸ் மெல்டிங்" என்றாள் பேத்தி. மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

விதிமுறை எனக்குத் தெரியும். மகன் சிட்டிசன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி விண்ணப்பம். அவளுடையதில் என் கையெழுத்துக்கு இடமே கிடையாது. அதை அவளும் விசாரித்து வைத்திருந்தாள்.

"குளிர் வந்தா கறிவேப்பிலைத் தொட்டியை உள்ள வைக்கணும்" என்று திரும்பி வரும்போது சொன்னாள். "எனக்குத் தனியாத் தூக்க முடியாது." அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அவளோடு முதல் சுற்றுக்கே கிளம்பினேன். கேரட்டை நான் வாங்கிக்கொண்டு வேலிக்கு மேலே நீட்டினேன். குதிரை வரவில்லை. தள்ளி நின்று கேரட்டைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, மறுபடி கேரட்டைப் பார்த்தது. அது சந்தேகப்பட்டதில் தப்பில்லை. எனக்கு அதனிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கையை நீட்டியபடியே நின்றேன்.